மஹாதேவனின் முச்சலிக்கா

1910 நவம்பர் 28, திங்கள்

காலை எட்டு மணி வரை பனிமூட்டம். காளிகாட் கோவில் மணி கம்பளிக்குள்ளிருந்து அடிப்பது போலக் கேட்டது. என் பெண் அனந்தலக்ஷ்மி காப்பியில் வெல்லம் போட்டுவிட்டாள், சர்க்கரை தீர்ந்துவிட்டதாம். நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் தினமும் அதையே போடுவாள் என்று பேசாமல் குடித்தேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு, பெண்ணோடும் மாப்பிள்ளையோடும் இருக்கலாமென்று கல்கத்தா வந்து எட்டு மாதம். இன்னும் காலையில் சட்டைப்பையில் சாக்குக்கட்டியைத் தேடுகிறேன்.

பக்கத்து வீட்டு மெஸ்ஸில் இன்று ஒரே கூச்சல். நம் ஊர்க் குமாஸ்தாக்கள் ஒன்பது பேர் சேர்ந்து, ஒரு சமையற்காரனை வைத்துக்கொண்டு நடத்தும் மெஸ் அது. அவர்களில் மூத்தவரான பட்டாபிராமனின் கடியாரத்தைப் பத்து நாளாகக் காணோமாம். தேடித் தேடிப் பார்த்துவிட்டு இன்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். "கதவு பூட்டியிருக்கு, பெட்டி மூடியிருக்கு. கடியாரம் தானா நடந்து போயிடுத்தா ஸார்?" என்று என்னை அதட்டினார், நான் எடுத்ததைப் போல.

மெஸ்ஸில் நல்ல சேதியும் ஒன்று உண்டு. கொஞ்ச நாளாக எட்டரைக்கு டாண் என்று இலை விழுகிறதாம். சமையற்கார மஹாதேவன் தாமதத்துக்குப் பேர்போனவன். ஒரு வழியாகத் திருந்திவிட்டான் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

நவம்பர் 30

எதிர் வீட்டு வக்கீல் நீரோத் பாபு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். ஐரோப்பாவில் ஒரு வைத்தியர் ஜெயில் ஜெயிலாகப் போய்க் கைதிகளின் மண்டையை அளந்து, திருடன் பிறக்கும்போதே திருடன் என்று முடிவு கட்டியிருக்கிறார். விரிந்த காது, ஒட்டிய காதுமடல், பெரிய தாடை, நீண்ட கை - இவை அடையாளமாம். மாப்பிள்ளை ஸ்ரீனிவாசராகவன் இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டார்.

"இது சயன்ஸ், மாமா. அளந்து சொல்றான்."

"அப்படியானால் நாமும் அளப்போம்" என்று நூல் கொண்டுவரச் சொன்னேன். நீரோத் பாபுவுக்கு ஓர் அடையாளமும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தாடை மட்டும். எனக்கு நான்கும் பொருந்தின!

அனந்தலக்ஷ்மி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இனிமே வெள்ளி டம்ளரை உள்ளே வெச்சுப் பூட்டிண்டுடறேன்."

முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் காப்பியடித்த பையன்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். காதைப் பார்த்துப் பிடித்ததில்லை. எங்கள் பள்ளியில் தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் யார் உட்கார்ந்தாலும் காப்பியடித்தான். சாது, முரடன், தலைமையாசிரியர் மகன், எல்லோரும்தான். நான்காம் வருஷம் எனக்குப் புத்தி வந்து பெஞ்சைத் தள்ளிப் போட்டேன். அந்த வைத்தியர் மண்டையை அளந்த அளவுக்குப் பெஞ்சையும் அளந்திருக்கலாம்.

டிசம்பர் 3, சனி

கடியாரம் கிடைத்துவிட்டது. துவரம்பருப்பு டின்னுக்குள். எடுத்தது மஹாதேவன்.

போலீஸ்காரர்கள் டின்னைக் கவிழ்ப்பதற்கு முன் மூன்று தடவை சத்தியம் பண்ணினான், தனக்குத் தெரியாதென்று. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஏண்டா எடுத்தே?" என்றார் பட்டாபிராமன்.

"நாழி தெரியலை, ஸார்."

"என்னடா உளர்றே?"

"தினம் நாழியாச்சு நாழியாச்சுன்னு ஒன்பது பேரும் திட்டினேளே. பனியிலே மணியும் கேக்கலை, சூரியனும் தெரியலை. நாழி எங்கே இருக்குன்னு எனக்கு யார் சொன்னா?"

முப்பத்தைந்து வயசு ஆள். எழுத்தும் தெரியாது, எண்ணைப் படிக்கவும் தெரியாது. கடியாரத்தின் கண்ணாடிமேல் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்திருக்கிறான். சின்ன முள் அந்தப் பொட்டுக்கு வந்தால் உலையில் அரிசி போட வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய கடியார சாஸ்திரம்.

பட்டாபிராமன் பொட்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தணிந்துவிட்டார். "கடியாரம் கிடைச்சாச்சே, விட்டுடுங்கோ" என்று ஹெட்கான்ஸ்டபிளிடம் கெஞ்சினார். இனி இது பட்டாபிராமனின் வழக்கல்ல, சர்க்காரின் வழக்கு என்று சொல்லி மஹாதேவனை அழைத்துப் போய்விட்டார்கள். போகும்போது அவன் கேட்டது: "குழம்பு அடுப்பிலே இருக்கு, யார் இறக்குவா?"

டிசம்பர் 5

போலீஸ் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தான். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த துபாஷி அங்கே இல்லையாம். மாஸ்டர் வந்து மொழிபெயர்க்க முடியுமா? முடியும் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நீரோத் பாபு மஹாதேவனுக்காகச் சும்மாவே வாதாடுகிறார். அவர் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது. கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஐந்நூற்று அறுபத்திரண்டு என்று ஒரு பிரிவு இருக்கிறது. முதல் தடவையாகத் தப்புச் செய்தவன், சின்னத் தப்பு என்றால், மாஜிஸ்திரேட் அவனை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நன்னடத்தையோடு இருப்பேன் என்று முச்சலிக்கா எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். ஒரு வருஷம் வரை. தவறினால் கூப்பிட்டுத் தண்டிப்பார்கள்.

"இங்கே அதிகம் உபயோகிப்பதில்லை, மாஸ்டர் மோஷாய். ஆனால் இவனுக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றே ஒன்று. முன்னால் தண்டனை எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கதவு மூடிவிட்டது" என்றார். (மோஷாய் என்றால் இங்கே ஐயா.)

இப்படி ஒரு சட்டம் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை! மனசுக்கு நிறைவாக இருந்தது. முதல் பத்து வருஷம் நானும் பிரம்பு பிடித்தவன்தான். சட்டைக்குள் அட்டையை எந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் பையன்கள் அதில் கற்றுக்கொண்டார்கள்.

டிசம்பர் 8, வியாழன்

கோர்ட்டுக்குப் போய் வந்தேன். உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று பிரமாணம் செய்தேன்.

மஹாதேவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீரோத் பாபு அந்தப் பிரிவைச் சொல்லி நன்றாகப் பேசினார். மாஜிஸ்திரேட் நிதானமான மனிதர், கேட்டுக்கொண்டே வந்தார். இதற்கு முன் ஜெயிலில் இருந்ததுண்டா என்று கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

"மஹாதேவா, இதுக்கு முன்னே ஜெயிலுக்குப் போயிருக்கியா?"

"போயிருக்கேன், ஸார்" என்றான் உடனே. "ரெண்டு வருஷம், தஞ்சாவூர்லே."

நான் என்ன செய்வேன்? சொன்னதைச் சொன்னேன். நீரோத் பாபு கையிலிருந்த காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டார். மாஜிஸ்திரேட்டின் முகம் மாறியது. பழைய தண்டனையின் விவரத்தைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்துப் பத்தொன்பதாம் தேதி தண்டனை சொல்வதாக ஒத்திவைத்தார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை படித்த புத்தகம் நினைவுக்கு வந்தது. திருடன் பிறக்கும்போதே... சேச்சே. ஆனால் இரண்டு வருஷம்! என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்து பிசகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

டிசம்பர் 9

அவன் அதை ஏன் அவ்வளவு பெருமையாகச் சொன்னான்?

டிசம்பர் 11, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அனந்தலக்ஷ்மி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தோடு ஹாஜத்துக்குப் போனேன். காவலில் இருப்பவர்களை வைக்கும் இடத்துக்கு இங்கே அப்படித்தான் பேர். மஹாதேவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல் கம்மி" என்றான். பிறகு அங்கே கொடுக்கும் சாப்பாட்டைத் திட்ட ஆரம்பித்தான்.

"இதெல்லாம் ஒரு ஜெயில் சாப்பாடா ஸார்? தஞ்சாவூர்லே நான் போனபோது எப்படி இருக்கும் தெரியுமா! வாசல்லே வார்டர் ரசத்தை மோந்து பார்ப்பான். 'இன்னிக்கு மிளகு தூக்கல்டா மாதேவா'ம்பான். அப்புறம்தான் உள்ளே விடுவான்."

"ரசத்தையா? நீ எதுக்காக ஜெயிலுக்குப் போனே?"

"எடுப்புச் சாப்பாடு கொடுக்கத்தான். மேலவீதி சாப்பாட்டுக் கிளப்பிலே வேலை பார்த்தேனோன்னோ? வழக்கு நடக்கிற பெரிய மனுஷா நாலஞ்சு பேர் எப்பவும் உள்ளே இருப்பா. வெளிச் சாப்பாடு தருவிச்சுப்பா. நான்தான் அடுக்குப் பாத்திரத்தைத் தூக்கிண்டு போவேன்."

"ரெண்டு வருஷமா?"

"ஒரு நாள் தவறலை, ஸார்."

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்! ஜெயிலில் இருந்தாயா என்று கேட்டார் அவர். நான் ஜெயிலுக்குப் போயிருக்கியா என்று கேட்டேன். போயிருக்கிறான். சோறு கொண்டு போயிருக்கிறான். அந்த வினைச்சொல் நம் பாஷையில் இரண்டு பக்கமும் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? 'போனான்' என்பதற்கும் 'போய் வந்தான்' என்பதற்கும் ஆங்கிலத்தில் என்ன வித்தியாசம் என்று முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

"ஏன் ஸார் ஒரு மாதிரி இருக்கேள்? அங்கே போனதைச் சொன்னது நல்லதுதானே? ஜெயில்காராளே என்னை நம்பி உள்ளே விட்டான்னு அவருக்குத் தெரியட்டும்னுதான் சொன்னேன்."

அவனுக்கு நடந்ததைச் சொன்னேன். மிச்சச் சாதத்தை மூடி என் பக்கம் தள்ளினான். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 12

நீரோத் பாபு முதலில் சிரித்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "உங்கள் பாஷையில் ஒரே சொல்லுக்கு இரண்டு வாசலா, மாஸ்டர் மோஷாய்?"

தஞ்சாவூரிலிருந்து தண்டனை ஏதும் இல்லை என்று பதில் வந்தால்கூட அது போதாது என்கிறார். அவனே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதாக எழுதியாகிவிட்டது. வேறு ஊரில், வேறு பேரில் என்று சந்தேகம் வரும். நான் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மறுபடி நானே கேட்டால் எடுபடாது. கைதிக்குத் தயிர்சாதம் கொண்டுபோன துபாஷியை யார் நம்புவார்கள்? இன்னொருவர் கேட்க வேண்டும். மெஸ்காரர்கள் வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள். மிச்சம் யார்?

மாப்பிள்ளைதான்.

டிசம்பர் 14

இரண்டு நாளாக வாதம். மாப்பிள்ளை சொல்வதைத் தள்ளிவிட முடியவில்லை.

"நாளைக்கு எவனோ என் பேனாவை எடுத்துண்டு, 'எழுத வேண்டியிருந்தது, எடுத்தேன்'னா விட்டுடறதா? ஜெயில் அவனுக்காக மட்டும் இல்லை, மாமா. பார்த்துண்டிருக்கிறவாளுக்காகவும்தான்."

அதில் நியாயம் இருக்கிறது என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த விதத்தில் ஓர் உதாரணம் சொன்னேன். கணக்கைத் தப்பாகப் போட்டால் சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறோம். சிலேட்டை உடைப்பதில்லை.

"உடைக்கலையே. மூணு மாசமோ என்னமோ பூட்டி வைக்கிறோம்."

"யாரோடு சேர்த்து? முதல் தடவை தவறியவனைக் கொண்டுபோய், நாலு வருஷமாகத் தேறாதவர்கள் பெஞ்சின் நடுவில் உட்கார வைத்தால் அவன் எந்தப் பாடத்தைப் படிப்பான்?"

"மூணு தடவை பொய்ச் சத்தியம் பண்ணினானே!"

"பண்ணினான். முச்சலிக்கா யோக்கியனுக்கு எதற்கு? தப்புப் பண்ணினவனுக்குத்தானே."

அனந்தலக்ஷ்மி கீரை ஆய்ந்துகொண்டே, "உங்களை அவனுக்கு நற்சாட்சிப் பத்திரமா எழுதச் சொல்றா? கேள்வி கேக்கத்தானே கூப்பிடறா? பதில் சொல்லப்போறது அவன்" என்றாள்.

மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்தார். "ஒரு நாள் லீவு போடறேன். ஆனா உள்ளதை உள்ளபடிதான் சொல்வேன், மாமா. ஒரு சொல் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்."

அதுதான் வேண்டும் என்றேன்.

டிசம்பர் 18, ஞாயிறு

நிலையான இருப்பிடமோ வேலையோ இருந்தால்தான் முச்சலிக்கா செல்லும். ஆகவே மஹாதேவனைத் திரும்ப வைத்துக்கொள்வார்களா என்று கேட்க மெஸ்ஸுக்குப் போனேன். ஒன்பது பேரும் கூடியிருந்தார்கள். இரண்டு வாரமாக முறைவைத்துச் சமைக்கிறார்கள். அன்றைய முறை ஒரு சின்னக் குமாஸ்தாவுடையது. அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை.

ஒருவர், "திருடன் கையாலே சாப்பிடறதாவது!" என்றார்.

"இந்தக் கையாலே சாப்பிடறதைவிட அது மேல்" என்றார் பட்டாபிராமன், கொழகொழவென்றிருந்த சாதத்தைக் காட்டி. எல்லோரும் சிரித்தபின் குரலை இறக்கிக்கொண்டு, "நாமும் கொஞ்சம் யோசிக்கணும், ஓய். ஒன்பது பேர்கிட்டே ஒன்பது கடியாரம். சமையற்காரனுக்கு ஒண்ணு வேணும்னு யாருக்காவது தோணித்தா? சமையலறையிலே ஒரு சுவர்க் கடியாரம் மாட்டிடலாம்."

ஆறு பேர் சரி என்றார்கள். இருவர் பேசவில்லை. ஒருவர் மெஸ்ஸை விட்டே போவதாகச் சொல்லிவிட்டார். அவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை.

டிசம்பர் 19, திங்கள்

தஞ்சாவூரிலிருந்து பதில் வந்திருந்தது: அந்தப் பேரில் தண்டனை எதுவும் இல்லை. மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து, பிழை என்னுடையது என்றேன்.

"எட்டாம் தேதி நிச்சயமாகத்தானே மொழிபெயர்த்தீர்கள்?"

"ஆமாம். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும். நிச்சயமாக இருந்ததால் கேட்கவில்லை."

அடுத்தாற்போல் மாப்பிள்ளை பிரமாணம் செய்துவிட்டு மஹாதேவன் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கோர்ட்டாவது உன்னைக் குற்றவாளின்னு தீர்ப்புச் சொல்லியிருக்கா?"

"இல்லை, ஸார்."

"ஜெயில்லே ஒரு ராத்திரியாவது தங்கியிருக்கியா?"

"இங்கேதான் முதல் தடவை."

"அப்போ தஞ்சாவூர் ஜெயிலுக்கு எதுக்குப் போனே?"

"சாப்பாட்டோட போனேன். காலிப் பாத்திரத்தோட திரும்பினேன்."

மாப்பிள்ளை அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். 'காலி' என்ற சொல்லைக்கூட விடவில்லை. மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார், சிரித்தாரோ என்னவோ.

ஒரு வருஷ முச்சலிக்கா. ஜாமீன் நான். மஹாதேவன் கட்டைவிரல் வைக்குமுன் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன், ஒவ்வொரு சொல்லாக, புரிந்ததா புரிந்ததா என்று கேட்டுக் கேட்டு.

"கூப்பிட்டா வந்து தண்டனை வாங்கிக்கணும்னு போட்டிருக்கே. எப்போ கூப்பிடுவா ஸார்?"

"நீ ஒழுங்கா இருந்தா கூப்பிடவே மாட்டா."

"கூப்பிட மாட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? வருஷம் பூரா வாசலைப் பார்த்துண்டே இருக்கணுமா?"



1911 மார்ச் 7

மெஸ்ஸில் எட்டரைக்கு இலை. சுவர்க் கடியாரத்திலும் மஞ்சள் பொட்டு. ஆனால் சந்தில் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தால் மஹாதேவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறான். பீட் கான்ஸ்டபிள் வெற்றிலை வாங்கப் போகிறவர். அவருக்கு இவனை யாரென்றே தெரியாது.

ஜெயிலுக்கு வெளியே விட்டுவிட்டோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவன் இன்னும் முழுக்க வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நாள் முழுக்க மழை. மெஸ்ஸில் ஒருவருடைய வெள்ளி டம்ளரைக் காணோம். மாப்பிள்ளையும் நானும் பேப்பர் இரவல் வாங்க அங்கே போயிருந்தோம். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மஹாதேவன் உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தான். இரண்டு வேஷ்டி, ஒரு சம்படம், விபூதிப் பை. "பார்த்துக்கோங்கோ" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை போய்க் குனிந்து, உள்ளே பார்க்காமல், மூடியைச் சாத்தினார்.

"பெட்டியை உள்ளே வை, மஹாதேவன். பார்க்கறதானா முதல்லே மத்தவா எல்லார் பெட்டியையும் பார்ப்பா. கடைசியிலே உன்னுது."

டம்ளர் சாயங்காலம் கிணற்றடியில் கிடைத்தது, சொந்தக்காரரே பல் தேய்த்துவிட்டு வைத்த இடத்தில்.

ஒரே குடையில் வீடு திரும்பினோம். வாசலில் செருப்பை விடும்போது மாப்பிள்ளை, "நான் சொன்னது இன்னும் தப்புன்னு நினைக்கலை, மாமா. பார்க்கறவாளுக்கும் பயம் வேணும்" என்றார். சரி என்றேன். அவர் கருத்து மாற வேண்டும் என்று எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 15

ஊரெங்கும் ஒரே பேச்சு. ராஜதானி டில்லிக்குப் போகிறதாம். மாப்பிள்ளை ஆபீஸும் போகுமா, போனால் எப்போது, யார் யார்? அனந்தலக்ஷ்மி இப்போதே டில்லிக் குளிரைப் பற்றிக் கவலைப்படுகிறாள். நான் எங்கே இருந்தாலும் சாப்பாடு போட்டால் போதும்.

டிசம்பர் 23, சனி

நீரோத் பாபு புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் மிட்டாய் கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டே, "உங்கள் ஜாமீன் எப்போது முடிகிறது, மாஸ்டர் மோஷாய்?" என்றார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதி. நான்கு நாள் முன்பே முடிந்துவிட்டது!

கோர்ட்டிலிருந்து ஏதாவது பத்திரம் வாங்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். தண்டித்தால்தான் காகிதம், தண்டிக்காமல் முடிந்ததற்கு ஒன்றும் தரமாட்டார்கள் என்றார்.

உடனே மெஸ்ஸுக்குப் போனேன். பின்வாசலில் பீட் கான்ஸ்டபிள் குந்தி உட்கார்ந்து தொன்னையில் ரசம் குடித்துக்கொண்டிருந்தார், ஜலதோஷமாம். மஹாதேவன் உள்ளே பட்டாபிராமனோடு வாக்குவாதத்தில் இருந்தான். டில்லிக்குப் போனால் இவனும் கூட வர வேண்டும் என்று அவர். புழுங்கலரிசி கிடைக்காத ஊருக்கு வரமாட்டேன் என்று இவன்.

"மஹாதேவா, வருஷம் முடிஞ்சுடுத்து" என்றேன்.

"இன்னும் எட்டு நாள் இருக்கே, ஸார்?"

"அந்த வருஷம் இல்லை. முச்சலிக்கா."

கரண்டியோடு நின்றான். "அட, ஆமாம். என்னிக்கு?"

"பத்தொன்பதாம் தேதி."

"அன்னிக்கு என்ன பண்ணினேன்?" என்று யோசித்தான். பட்டாபிராமனைக் கேட்டான். அவருக்கும் நினைவில்லை. கத்தரிக்காய் என்றார் ஒருவர், வாழைக்காய் என்றார் இன்னொருவர். "ஏதோ பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கு நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை.